போரில் மிஞ்சிய லாரிகள்: பழுதுபார்ப்பும் மாற்றியமைப்பும்

போர்மிச்ச லாரிகள் என்பவை போருக்கென்று பெருந்தொகையாகச் செய்யப்பட்டு, போர் முடிந்ததும் படைக்குத் தேவையில்லை என்று பொதுமக்களுக்கோ பிற நாடுகளுக்கோ விற்கப்பட்ட சரக்கு வண்டிகள் ஆகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகின் பல பகுதிகளில் மரம் இழுக்கவும், தீயணைக்கவும், பயணிகளை ஏற்றிச் செல்லவும் இவை பயன்பட்டன. இக்கட்டுரை அமெரிக்காவின் ஜிஎம்சி இரண்டரை டன் லாரியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வண்டிகள் எவ்வாறு பேணப்பட்டன, எவ்வாறு மாற்றப்பட்டன, அந்த மாற்றங்களிலிருந்து வரலாற்று மாணவர் என்ன அறிந்துகொள்ளலாம் என்பதைக் கூறுகிறது.

பெயரில் உள்ள செய்தி

இந்த லாரியின் அலுவல் பெயர் 'சிசிகேடபிள்யூ'. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. முதல் 'சி' 1941ஆம் ஆண்டு வடிவமைப்பு என்பதையும், இரண்டாம் 'சி' எஞ்சினுக்குப் பின்னால் அமைந்த வழக்கமான ஓட்டுநர் அறையையும் குறிக்கும். 'கே' என்றால் முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்கிறது என்று பொருள். 'டபிள்யூ' என்றால் பின்னால் உள்ள இரண்டு அச்சுகளுக்கும் விசை செல்கிறது என்று பொருள். ஆகவே இது மூன்று அச்சுகளும் இயங்கும் வண்டி. சேற்றில் ஓர் அச்சின் சக்கரங்கள் வழுக்கினாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போகும்.

ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ 4.4 லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 100 குதிரைத்திறன், ஐந்து கியர், அதற்குப் பின்னால் விசையை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு நிலைப் பகிர்வுப் பெட்டி ஆகியவை இதன் அமைப்பு. உச்ச வேகம் மணிக்கு 72 கி.மீ. 'இரண்டரை டன்' என்பது பாதையில்லாத இடத்தில் ஏற்றத்தக்க எடை. நல்ல சாலையில் அதைப்போல் இரு மடங்கு ஏற்றினார்கள்.

போர் முடியும்வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜிஎம்சி இரண்டரை டன் வண்டிகள் உருவாயின. அத்தனையும் ஒரே மாதிரியானவை அல்ல. அச்சுகள் போதிய அளவில் கிடைக்காததால் இரண்டு வகை அச்சுகளைப் பொருத்தினார்கள். எஃகைச் சேமிக்கச் சரக்குப் பெட்டியை மரத்தால் செய்தார்கள். மூடிய தகட்டு அறைக்குப் பதிலாகக் கித்தான் கூரை வந்தது. இதே லாரியின் உறுப்புகளைக் கொண்டு நீரிலும் நிலத்திலும் செல்லும் 'டியூக்டபிள்யூ' என்ற வண்டி 21,000க்கு மேல் செய்யப்பட்டது. ஆக, மாற்றியமைத்தல் என்பது போருக்குப் பின் தொடங்கியது அன்று, தொழிற்சாலையிலேயே தொடங்கிவிட்டது.

சாலையில் நடந்த சோதனை

1944 ஜூன் மாதம் நார்மண்டியில் தரையிறங்கிய நேசநாட்டுப் படைகள் ஆகஸ்டில் எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறின. பிரான்சின் இருப்புப்பாதைகளும் பாலங்களும் தரையிறங்குவதற்கு முன் நேசநாடுகளே வீசிய குண்டுகளால் சிதைந்து கிடந்தன. முன்னால் சென்ற படைக்குப் பெட்ரோலும் வெடிபொருளும் உணவும் கொண்டு செல்ல லாரிகளை விட்டால் வேறு வழியில்லை.

இதற்காக ஏற்பட்டதே 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற போக்குவரத்து ஏற்பாடு. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை இது நடந்தது. செயின்ட் லோ நகரத்திலிருந்து சார்ட்ர் நோக்கிச் செல்லும் வடக்குச் சாலை சரக்கு ஏற்றிய வண்டிகளுக்கும், தெற்குச் சாலை காலியாகத் திரும்பும் வண்டிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. உச்ச நிலையில் ஏறத்தாழ 6,000 வண்டிகள் ஓடின. ஆகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் 12,000 டன்னுக்கு மேல் சரக்கு சென்றது.

ஓட்டுநர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின அமெரிக்கர். அன்று அமெரிக்கப் படையில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர் போர்முனைக்கு அனுப்பப்படாமல் சுமை, போக்குவரத்து, சாலைப்பணி ஆகியவற்றில் அமர்த்தப்பட்டனர். அப்படி 'பின்னணி வேலை' என்று ஒதுக்கப்பட்ட வேலைதான் முன்னணிப் படையை அந்த மாதங்களில் நகர வைத்தது. படைகளில் இந்தப் பிரிவினையை நீக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26 அன்றுதான்.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்க அந்த லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டோ செயலிழக்கச் செய்தோ ஓட்டியதாகப் பல ஓட்டுநர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். சுமையேற்றிய வண்டி மேட்டில் ஏற அது இடையூறாக இருந்தது. இதற்கு விலையும் இருந்தது. இரவு பகல் ஓட்டம், அளவுக்கு மிஞ்சிய சுமை, எண்ணெய் மாற்ற நேரமின்மை ஆகியவற்றால் எஞ்சின்கள் தேய்ந்தன. மின்கலங்களில் நீர் வற்றியது. சாலையில் எறியப்பட்ட உணவுத் தகரங்கள் டயர்களைக் கிழித்தன. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அதன் கணக்கு எங்காவது தீர்க்கப்பட்டே ஆகவேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஐந்து படிப் பராமரிப்பு

இலட்சக்கணக்கான வண்டிகளை ஓட்டவும் பேணவும் அமெரிக்கப் படைக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பண்ணைகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களுக்காகப் பராமரிப்பு வேலை ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டது. முதற்படி ஓட்டுநரின் பொறுப்பு: எண்ணெய், தண்ணீர், டயர்க் காற்று, போல்ட்டு இறுக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் பார்ப்பது. இரண்டாம் படி அவருடைய பிரிவின் மெக்கானிக்குகளுடையது. அதற்கு மேற்பட்ட படிகளில் நடமாடும் பட்டறைகள் இருந்தன. இறுதிப் படியில் எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்கும் பெரும் பட்டறைகள் இருந்தன.

இந்த லாரிக்கென 'டிஎம் 9-801' என்ற எண்ணுடைய தொழில்நுட்பக் கையேடு அச்சாயிற்று. எந்தப் போல்ட்டு எங்கே, எந்த இடத்துக்கு எந்தக் கிரீஸ், எத்தனை மைலுக்கு ஒருமுறை என்று படங்களோடு விளக்கும் நூல் அது. கையேட்டைப் படிக்கச் சலித்தவர்களுக்கும் வழி செய்யப்பட்டது. புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னர் போர்க்காலத்தில் படையில் சேர்ந்து 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற இதழுக்குக் கேலிப்படங்கள் வரைந்தார். வண்டியைக் கவனிக்காமல் எப்போதும் மாட்டிக்கொள்ளும் ஒரு மந்தமான வீரன் அவற்றில் வருவான். 1951இல் இதே நோக்கத்தோடு 'பிஎஸ்' என்ற இதழ் தொடங்கியபோதும் ஐஸ்னரே வரைந்தார். வகுப்பில் ஒரு படத்தைக் கரும்பலகையில் போட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதைப் படையும் கண்டுகொண்டது.

இந்த ஏற்பாடு போருக்குப் பின் வேறொரு பயனைத் தந்தது. வண்டிகளை விற்றபோது அவற்றின் உதிரி உறுப்புகளும் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. கையேடுகளும் கைமாறின. அதைவிட முக்கியமாக, இந்த லாரியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த இலட்சக்கணக்கான இளைஞர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள்.

உபரி விற்பனை

போர் முடியுமுன்பே உபரிப் பொருள்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்துவிட்டது. அனைத்தையும் ஒரே நேரத்தில் விற்றால் புதிய லாரிகளை வாங்க ஆளிருக்காது, தொழிற்சாலைகள் மூடும். விற்காமல் வைத்திருந்தால் மழையிலும் வெயிலிலும் வீணாகும். அமெரிக்கா 1944 அக்டோபரில் உபரிச் சொத்துச் சட்டத்தை இயற்றியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வாங்குவதில் முன்னுரிமை தரப்பட்டது. 1946இல் இதற்கெனப் போர்ச் சொத்து நிருவாகம் என்ற அமைப்பு ஏற்பட்டது.

கடல் கடந்து சென்ற வண்டிகளைத் திரும்பக் கொண்டுவரும் செலவு அவற்றின் விலையைவிட மிகுதி. ஆகவே பெரும்பாலானவை நின்ற நாட்டிலேயே விற்கப்பட்டன. 1946 மே மாதம் பிரான்சும் அமெரிக்காவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தத்தில், பிரான்சில் கிடந்த அமெரிக்க உபரிப் பொருள்களை அந்நாடு வாங்கிக்கொள்வதும் ஒரு பகுதியாக இருந்தது. அந்த ஜிஎம்சி லாரிகள் பிரெஞ்சுப் படையிலும் நெடுங்காலம் பணியாற்றின. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் நடந்த குடியேற்றக்காலப் போர்களிலும் ஓடின. பாசிச ஆட்சியிலிருந்து ஐரோப்பாவை விடுவிக்க வந்த வண்டியே விடுதலை கேட்ட மக்களுக்கு எதிராகவும் சென்றது.

நாடுகள் தோறும் நடந்த மாற்றங்கள்

பொதுமக்கள் கைக்கு வந்த லாரிகளின் முதல் மாற்றம் அவற்றின் மேற்கூட்டில் நடந்தது. நாமக்கல், கரூர் வட்டாரங்களில் 'பாடி கட்டுதல்' என்று நாம் சொல்லும் வேலைதான் இது. சரக்குப் பெட்டியை இறக்கிவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்தால் தீயணைப்பு வண்டி; பாரந்தூக்கி வைத்தால் மீட்பு வண்டி; மரம் தாங்கும் முளைகளை நட்டால் காட்டு வண்டி. மூன்று அச்சுகளும் இயங்குவதால் வேறு லாரிகள் போகாத இடத்துக்கு இவை சென்றன.

பிரிட்டனில் இவ்வாறு புகழ்பெற்றது 'ஏஇசி மாட்டடார்'. பீரங்கி இழுக்கச் செய்யப்பட்ட இந்த நான்கு சக்கர இயக்க வண்டியில் 7.7 லிட்டர் டீசல் எஞ்சினும் இழுவைக் கம்பி உருளையும் இருந்தன. போருக்குப் பின் காட்டு மரம் இழுப்போரும், பழுதான பேருந்துகளை இழுத்துவரப் பேருந்து நிறுவனங்களும் இதை வாங்கின. பல பேருந்துப் பணிமனைகள் தம் பேருந்துகளின் தகடுகளைக் கொண்டே இதற்குப் புதிய அறை கட்டிக்கொண்டன.

பர்மாவில் கனடா நாட்டு லாரிகளின் கதை இன்னும் நீண்டது. கனடா போர்க்காலத்தில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்தது. அவற்றில் ஃபோர்டு, செவ்ரோலே நிறுவனங்கள் ஒரே பொது வடிவமைப்பில் செய்த லாரிகள் பிரிட்டிஷ் படையோடு பர்மாவை அடைந்தன. அவற்றின் அடிச்சட்டத்தில் மரக்கூடு கட்டி இரங்கூனில் பேருந்துகளாக ஓட்டினார்கள். நீண்டகாலம் இறக்குமதி முடங்கிய நாட்டில் புதிய வண்டி கிடைக்காததால், எஞ்சினை மாற்றியும் உறுப்புகளை உள்ளூர்ப் பட்டறைகளில் கடைந்தும் இந்த நூற்றாண்டு வரை அவற்றை ஓடவைத்தார்கள்.

பிலிப்பைன்ஸில் நடந்தது உலகறிந்தது. போரில் சிதைந்த மணிலாவில் பேருந்துகள் இல்லை. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகள் இருந்தன. ஜீப்பும் படைக்கணக்கில் 'கால் டன் லாரி'தான். அதன் பின்பகுதியை நீட்டி, எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள் போட்டு, கூரை வைத்து, வண்ணம் பூசினார்கள். அதுவே 'ஜீப்னி'. போர்மிச்ச ஜீப்புகள் தீர்ந்தபின் உள்ளூர்ப் பட்டறைகள் அதே வடிவத்தைப் புதிதாகச் செய்தன. ஜப்பானியப் பழைய டீசல் எஞ்சின்களைப் பொருத்தின. 2017இல் அரசு அறிவித்த நவீனமாக்கல் திட்டம் பழைய ஜீப்னிகளை நீக்கச் சொன்னபோது ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். காற்று மாசு உண்மையான கேடு; புதிய வண்டியின் கடனை அடைக்க முடியாத குடும்பங்களின் கவலையும் உண்மையானது.

வியட்நாமின் கவச லாரிகள்

1950ஆம் ஆண்டளவில் ஜிஎம்சி லாரியின் இடத்தை 'எம்35' என்ற புதிய இரண்டரை டன் லாரி பிடித்தது. அது வியட்நாம் போரில் ஓடியபோது மாற்றியமைத்தல் உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1967 செப்டம்பர் 2 அன்று ஆன் கே அருகே 19ஆம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அணி பதுங்கித் தாக்கப்பட்டது. அதன்பின் போக்குவரத்து வீரர்களே சில லாரிகளைக் காவல் வண்டிகளாக மாற்றினர். முதலில் மரப்பலகைக்கும் மணல் மூட்டைக்கும் நடுவே துப்பாக்கி வைத்தார்கள். மழையில் நனைந்த மணலின் எடையால் வில்தகடுகள் தளர்ந்தன, ஓட்டமும் குறைந்தது. பிறகு எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். அந்த எடைக்கு ஐந்து டன் லாரிகளே தாங்கின. இவ்வண்டிகளில் ஒன்று இன்று அமெரிக்காவின் ஃபோர்ட் யூஸ்டிசில் உள்ள படைப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு பொறியியல் விதி இதில் தெளிவாகத் தெரிகிறது: ஓரிடத்தில் எடையைக் கூட்டினால் வில்தகடு, தடை, டயர், எஞ்சின் அனைத்தும் அதற்குக் கணக்குக் கேட்கும்.

பழைய லாரியைப் பேணும் முறை

இன்று இந்த லாரிகளைப் பாதுகாப்போர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் கவனிக்கும் செய்திகள் பொதுவாகப் பின்வருமாறு:

தடை: பழைய லாரிகளில் எல்லாச் சக்கரத் தடைகளும் ஒரே குழாய்த் தொகுதியால் இணைந்தவை. எங்கே கசிந்தாலும் ஆறு சக்கரங்களிலும் தடை போய்விடும். தடை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியிலும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஆகவே எஞ்சினை ஓடவைப்பதற்கு முன் தடையைச் சரிசெய்ய வேண்டும்.

சக்கரம்: பல இராணுவச் சக்கரங்கள் இரு பகுதிகளாகவோ பூட்டு வளையத்தோடோ அமைந்தவை. டயரில் காற்று இருக்கும்போது போல்ட்டைக் கழற்றினாலும், துருவேறிய வளையத்தில் காற்றடித்தாலும் உறுப்புகள் குண்டுபோல் தெறித்து ஆளைக் கொல்லும். வால்வின் உள்ளூசியையே எடுத்துக் காற்றை முழுதும் இறக்கிய பிறகே தொடவேண்டும். கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். இதில் அவசரம் காட்டியவர்கள் திரும்பச் சொல்லித்தர இருந்ததில்லை.

டயர் அளவு: ஜிஎம்சியின் இரண்டு பின் அச்சுகளுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் பல்சக்கர அமைப்பு இல்லை. தேய்ந்த டயரையும் புது டயரையும் கலந்து போட்டால், சிறியது வேகமாகச் சுழல வேண்டும். ஆனால் சுழல முடியாது. அந்த முறுக்கு அச்சுகளிலும் பல்சக்கரங்களிலும் ஏறும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கு தளரும், தார்ச்சாலையில் தளராது. முன் அச்சையும் காய்ந்த சாலையில் இணைத்து ஓட்டக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மின்சாரம்: ஜிஎம்சியின் மின் அமைப்பு 6 வோல்ட். ஒரே திறனுக்கு 12 வோல்ட்டைவிட இரு மடங்கு மின்னோட்டம் இதில் பாய வேண்டும். ஆகவே துருப்பிடித்த இணைப்பும் மெல்லிய கம்பியும் உடனே தொல்லை தரும். பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றுவர். அப்போது விளக்கு, சுருள், மின்னாக்கி, அளவிக் கருவிகள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

எஞ்சின்: எரிபொருள் மிகுதியாகக் குடிப்பதால் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது பல நாடுகளில் நடந்தது. டீசல் எஞ்சின் பொதுவாக எடை கூடியது. குறைந்த வேகத்தில் சுழல்வது. முன் வில்தகட்டைப் பலப்படுத்தாமல், கியர் விகிதத்தைப் பாராமல் மாற்றினால் வண்டி தலை தாழ்ந்து மெதுவாக ஊரும்.

எம்35 வகையில் வேறு மாற்றங்களும் உண்டு. அதன் பிற்கால எஞ்சின் டீசல், மண்ணெண்ணெய் முதலிய பல எரிபொருள்களில் ஓடக்கூடியது. அமெரிக்க ஆர்வலர்கள் அதன் பின் அச்சுகளில் ஒன்றை நீக்கி அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்குவர். இரட்டைச் சக்கரத்துக்குப் பதில் பெரிய ஒற்றைச் சக்கரம் பூட்டுவர். பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் பெரிய சக்கரத்தை நிறுத்தப் பழைய தடைக்கு மிகுதியான விசை வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

மாற்றுவதா, காப்பதா?

பாதுகாப்பாளர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. ஒரு பிரெஞ்சு ஊரில் நாற்பது ஆண்டு தீயணைத்த ஜிஎம்சி லாரி கிடைக்கிறது என்று கொள்வோம். சிவப்பு வண்ணத்தைச் சுரண்டி, தொட்டியை இறக்கி, பச்சை பூசி வெள்ளை நட்சத்திரம் வரைவதா? அல்லது தீயணைப்பு வண்டியாகவே வைப்பதா?

முதல் வழியில் 1944ஆம் ஆண்டு கண்முன் வரும். ஆனால் நாற்பது ஆண்டு வரலாறு அழியும். போரில் அந்த வண்டி ஓடியது ஓரிரு ஆண்டு. அமைதியில் ஓடியதோ அதைப்போல் இருபது மடங்கு. ஓர் ஏட்டுச் சுவடியில் பிற்காலத்தார் எழுதிய குறிப்புகளை நாம் அழிப்பதில்லை, அவையும் சான்றுகளே. லாரியில் ஒரு பட்டறைக்காரர் பற்றவைத்த தழும்பும் அத்தகைய குறிப்புத்தான். எனவே மாற்றும் முன் படமெடுத்தல், கழற்றிய உறுப்பை எறியாமல் பெயரெழுதி வைத்தல், திரும்ப மாற்றத்தக்க முறையில் மாற்றுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பது நல்லது. ஆனால் தடை, டயர், எரிபொருள் குழாய் ஆகியவற்றில் பழமையைப் போற்றக்கூடாது. அங்கே உயிர்தான் முதன்மை.

வண்ணம் பூசிய லாரிகள் அணிவகுத்துச் செல்லும்போது மக்கள் படைத்தலைவர்களை நினைக்கிறார்கள். 1944இல் அதன் திருகுவட்டைப் பிடித்து இரவெல்லாம் ஓட்டியவர், பெரும்பாலும், சொந்த நாட்டில் வெள்ளையரோடு ஒரே மேசையில் உண்ண முடியாதவர். இரங்கூனில் அதன் அச்சைக் கடைந்தவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் எழுதி வைத்த வரலாறு குறைவு. அவர்கள் கைபட்ட வண்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்ப்பவர் அந்த வரலாற்றையும் சேர்த்தே கையாளுகிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.